பூங்கொத்தின் பச்சை நுரைக்கட்டி உரமாகாது

பூங்கொத்துகளைத் தாங்கும் பச்சை நுரைக்கட்டி தாவர நாரால் ஆனது என்றும், பூக்கள் வாடியபின் அதை நொறுக்கித் தொட்டி மண்ணில் கலந்தால் உரமாகும் என்றும் ஒரு வாட்ஸ்அப் செய்தி பரவி வருகிறது. இது தவறு.

வழக்கமாகப் பயன்படும் அந்தக் கட்டி, பீனால்-ஃபார்மால்டிஹைடு பிசினை நுரைக்கச் செய்து தயாரிக்கப்படும் பிளாஸ்டிக். பச்சை, ஏற்றப்பட்ட நிறம் மட்டுமே. விரலால் அழுத்தியதும் மாவாக உதிர்வதால் மட்கிவிடும் என்று தோன்றுகிறது போலும்; ஆனால் உதிர்வது நுண்பிளாஸ்டிக், அதை நீர்வாழ் உயிரினங்கள் உட்கொள்வதை மெல்பர்னின் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். பிரிட்டனின் அரச தோட்டக்கலைக் கழகம் தன் கண்காட்சிகளில் இதற்குத் தடை விதித்திருப்பதை அதன் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம்.

சூழல் அக்கறையுள்ள பூக்கடைகள் நுரைக்கட்டிக்குப் பதிலாகக் கம்பிவலையையோ, தண்டுகளைக் குத்தி நிறுத்தும் முள்தட்டையோ மீண்டும் மீண்டும் பயன்படுத்துகின்றன. ஆர்டர் செய்யும்போதே நுரைக்கட்டி வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஏற்கெனவே கட்டியோடு வந்துவிட்டால், தண்டுகளை உருவி, நுனியைச் சாய்வாக வெட்டி, நீரில் மூழ்கும் இலைகளைக் களைந்து, சுத்தமான ஜாடியில் வையுங்கள். இரண்டு நாளுக்கொருமுறை நீரை மாற்றினால் போதும். கட்டி ஊறிய நீரை அப்படியே சாக்கடையில் ஊற்றாமல் நெருக்கமான துணியில் வடிகட்டி, தேங்கிய துகளையும் கட்டியையும் மட்காத குப்பையில் சேருங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் பகிர வேண்டாம். அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தைத் தெரிவியுங்கள்.