ஏரியல் ஏங்கியது கால்களுக்கு
"1989-இல் வந்த 'தி லிட்டில் மெர்மெய்ட்' படத்தில் கடல்கன்னி ஏரியல் ஓர் ஆணுக்காகத்தான் குரலையே விட்டுக்கொடுக்கிறாள்" என்று இந்தப் படத்தைப் பற்றிய கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இளவரசன் எரிக்கைப் பார்ப்பதற்கு முன்பே அவள் குகை நிறைய மனிதர்களின் பொருட்களைச் சேர்த்து வைத்திருக்கிறாள்; கரையில் நடக்க வேண்டும் என்று ஏங்கிப் பாடுவதும் அவனைக் காணும் முன்புதான். எனக்குக் குறையாகப் படுவது வேறு. குரலைக் கொடுத்துக் கால்களைப் பெற, கடல் சூனியக்காரி உர்சுலாவின் ஒப்பந்தத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடுகிறவள், அப்புறம் எரிக்கிடம் ஒரு வரிகூட எழுதிக் காட்டுவதில்லை. போன மாதம்தான் ஒரு தீம் பார்க்கில் வேலைக்குச் சேர்ந்தேன், வரிசையில் நிற்கும் குழந்தைகளோடு பேசுவதும் என் வேலை. கடல்கன்னி உடுப்பில் வந்த ஒரு சிறுமி முதல் வாரமே கேட்டாள்: "அவளுக்குத்தான் எழுதத் தெரியுமே, ஏன் எழுதிக் காட்டல?" என்னிடம் பதில் இல்லை. கடைசிச் சண்டையிலும் உர்சுலாவை வீழ்த்துவது எரிக் ஓட்டிவரும் கப்பல், ஏரியலுக்கு மறுபடி கால்களைத் தருவது அப்பா டிரைட்டன். கட்டுரை இதைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர், டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சனின் 1837 மூலக்கதையே மேல் என்கிறார். அதில் அவள் அழியாத ஆன்மாவையும் தேடுகிறாள், சரி. ஆனால் அந்தக் கதையின் முடிவை வரிசையில் நிற்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கு நான் சொல்லமாட்டேன்.