ஃப்ரீடம் ஹவுஸைச் சொல்லாமல் என்ன ஆம்புலன்ஸ் வரலாறு?

ஆம்புலன்ஸ் வரலாறு பற்றி ஒரு காணொளி வந்தது, அதன் கீழே கருத்துகளில் ஒரு சண்டையும் நடந்தது. மயாமி வந்தது, லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தது, சியாட்டில் வந்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரமும், அங்கே கறுப்பின இளைஞர்கள் ஓட்டிய ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவையும் வரவில்லை. ஏன் என்று கேட்டால், "இதிலுமா கறுப்பர், வெள்ளையர்?" என்று பதில். பாராமெடிக், அதாவது ஆம்புலன்ஸில் வந்து அங்கேயே அவசர சிகிச்சை தருபவர், என்ற வேலைக்கு உருவம் கொடுத்தவர்களை விட்டுவிட்டு என்ன வரலாறு சொல்கிறீர்கள்?

1960-களில் பிட்ஸ்பர்க்கில் யாராவது மயங்கி விழுந்தால் வந்தது போலீஸ் வேன். ஸ்ட்ரெச்சரில் ஏற்றிவிட்டு போலீஸ்காரர்கள் முன்னால் உட்கார்ந்துகொள்வார்கள், நோயாளி பின்னால் தனியாகக் கிடப்பார். நாக்கு பின்னால் சரிந்து மூச்சுக்குழலை அடைத்தால் தாடையைத் தூக்கிவிடக்கூட ஆள் இல்லை. பல ஊர்களில் சவ அடக்க நிலையத்துக் கார்தான் ஆம்புலன்ஸ். கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹில் டிஸ்ட்ரிக்டில் போலீஸை நம்பிக் கூப்பிடவே தயங்கினார்கள்.

1966-ல் முன்னாள் ஆளுநர் டேவிட் லாரன்ஸ் மேடையில் சரிந்தார். அவரையும் போலீஸ் வண்டியில்தான் கொண்டுபோனார்கள், அந்த மாதமே இறந்தார். சிபிஆர் (நின்றுபோன இதயத்துக்கு நெஞ்சை அழுத்தி, மூச்சு ஊதிக் கொடுக்கும் முதலுதவி) முறையை வகுத்த மருத்துவர் பீட்டர் சஃபார் தன் மகளை ஆஸ்துமாவில் இழந்ததும் அதே ஆண்டு. 1967-ல் சஃபாரும், ஃபால்க் நிதியத்தின் ஃபில் ஹாலனும், ஹில் டிஸ்ட்ரிக்டின் ஃப்ரீடம் ஹவுஸ் அமைப்பும் ஆம்புலன்ஸ் சேவை தொடங்கக் கைகோத்தார்கள். "வேலைக்கு லாயக்கில்லாதவர்கள்" என்று முத்திரை குத்தப்பட்ட கறுப்பின இளைஞர்களைச் சேர்த்தார்கள். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள், வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். அவர்களுக்கு 300 மணி நேரப் பயிற்சி. முதலுதவிச் சான்றிதழே பெரிது என்றிருந்த காலம் அது! முதல் ஆண்டில் மட்டும் 5,800-க்கு நெருக்கமான அழைப்புகள். அந்த ஓராண்டில் 200 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக சஃபாரின் கணக்கு.

"பாடம் நடத்தியது சஃபார்தானே, பெருமை அவருக்குத்தானே?" என்று ஒரு நண்பர். சரி, தெருவில் டியூப் போடுவதை, அதாவது மூச்சு விட முடியாதவரின் மூச்சுக்குழலுக்குள் குழாய் இறக்குவதைக் கொஞ்சம் பார்ப்போம். நோயாளி தரையில் கிடப்பார், நீங்கள் குப்புறப் படுக்க வேண்டும். வெளிச்சம் போதாது, வாய் நிறைய வாந்தி. முதலில் அதை உறிஞ்சி எடுத்து, முகமூடியும் பையும் வைத்து ஆக்சிஜன் கொடுக்கணும். இடது கையில் லாரிங்கோஸ்கோப், தொண்டைக்குள் பார்க்க உதவும் விளக்குக் கருவி. நாக்கை இடப்பக்கம் ஒதுக்கி, பிடியை முன்னும் மேலுமாகத் தூக்கணும். மேல்பற்களில் முட்டுக்கொடுத்து நெம்பினால் பல் உடையும். குரல்நாண் கண்ணுக்குத் தெரிந்தால்தான் டியூபை உள்ளே விடணும். டியூப் நுனியில் உள்ள பலூனில் காற்றேற்றியதும் ஸ்டெதஸ்கோப் முதலில் வயிற்றில். குடகுடவென்று கேட்டால் டியூப் உணவுக்குழாயில் இருக்கிறது, உடனே உருவணும். இடது நெஞ்சில் சத்தமே இல்லையென்றால் ஆழமாகப் போய் வலது நுரையீரல் கிளையில் இறங்கிவிட்டது, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பின்னால் இழுக்கணும். டியூப் எங்கே இருக்கிறது என்று காட்டும் கார்பன் டை ஆக்சைடு மானிட்டர் அன்று ஆம்புலன்ஸில் கிடையாது. காதை நம்பித்தான் எல்லாம்.

மருத்துவமனைக்கு வெளியே இதைச் செய்த அமெரிக்காவின் முதல் பாராமெடிக்குகளில் ஒருவர் ஜான் மூன். மருத்துவமனையில் வார்டு உதவியாளராக இருந்தவர். ஃப்ரீடம் ஹவுஸ் சீருடையில் வந்த கறுப்பினத்தவர்களின் மிடுக்கைப் பார்த்து, நானும் இதுவாக வேண்டும் என்று போய்ச் சேர்ந்தார். பாடம் நடத்தியவர் பெயர் இருக்கட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? தரையில் படுத்து டியூப் போட்டவன் பெயர் எங்கே?

"பெல்ஃபாஸ்டில் டாக்டர் பான்ட்ரிட்ஜ் 1966-லேயே ஆம்புலன்ஸில் சிகிச்சை கொடுத்துவிட்டாரே?" என்றும் கேட்கிறார்கள். உண்மைதான். அது மாரடைப்புக்கான வண்டி, கூடவே டாக்டர் போனார். மயாமிக்காரர்களின் உழைப்பையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் விபத்து, ஓவர்டோஸ் (அளவு மீறிய போதை மருந்து), பிரசவம், மூச்சுத்திணறல் என்று எது வந்தாலும் டாக்டர் இல்லாமல் சமாளிக்கும் பாராமெடிக் எப்படியிருக்க வேண்டும் என்பது ஹில் டிஸ்ட்ரிக்ட் தெருக்களில்தான் சோதித்துப் பார்க்கப்பட்டது. டாக்டர் நான்சி கரோலின் இவர்களோடு ராத்திரி ராத்திரியாக வண்டியில் போய்த்தான் அமெரிக்கா முழுவதற்குமான பாராமெடிக் பாடத்திட்டத்தை எழுதினார்.

இவ்வளவு செய்தவர்களுக்கு என்ன கிடைத்தது? நகரத்தின் பெரும்பகுதிக்குக் கடைசிவரை போலீஸ் வேன்தான் போனது, இவர்களை விடவில்லை. 1975 அக்டோபரில் நகராட்சி தன் ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்கி ஃப்ரீடம் ஹவுஸை மூடியது. கரோலின் சண்டை போட்டதால் இவர்களையும் வேலைக்கு எடுத்தார்கள். எடுத்த கையோடு, சொல்லித்தராத பாடத்தில் பரீட்சை. பழைய வழக்கு இருந்தவர்களுக்குச் சீட்டுக் கிழிப்பு. எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய கைகளுக்கு எடுபிடி வேலை, மேலே அனுபவம் குறைந்த வெள்ளையர்கள். பாதிப்பேர் தாக்குப்பிடிக்கவில்லை. ஜான் மூன் நின்று போராடி, துணைத் தலைவர் பதவிவரை போனார்.

நிறத்தைக் கொண்டுவந்தது நானா? வேலையில் சேர்க்கும்போதும் நிறம் பார்த்தார்கள், துரத்தும்போதும் பார்த்தார்கள், வரலாறு எழுதும்போதும் பார்த்தார்கள். ஐம்பது வருஷம் கழித்துப் பெயரைச் சொல்கிறவன்தான் பிரிவினைவாதியா? வலிக்கிறது ஐயா.

காணொளி போட்ட தம்பி, உங்கள்மேல் கோபமில்லை, கிடைத்ததை வைத்துச் செய்திருப்பீர்கள். அடுத்த பாகத்தில் ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள். ஃப்ரீடம் ஹவுஸில் உழைத்த ஜான் மூன், மிட்செல் பிரவுன், ஜார்ஜ் மெக்கேரி பெயர்களைச் சொல்லுங்கள். விவரம் வேண்டுமானால் இன்பாக்ஸில் கேளுங்கள், எல்லாம் தருகிறேன்.