படம் எடுப்பவர் படத்தில் இருப்பதில்லை

நான் பதிவேற்றிய நீலகிரி மலை ரயில் பயணப் படங்களின் கீழ் ஒரு நண்பர் எழுதியதைப் பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள். "ஊர் பார்க்கப் போனீர்களா, படம் பிடிக்கப் போனீர்களா? அண்ணன் பாவம்" என்பதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள், எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பாவப்பட்ட அண்ணன், அதாவது என் கணவர், எல்லாப் படங்களிலும் இருக்கிறார் என்பதையும், நான் ஒன்றில்கூட இல்லை என்பதையும் யாராவது கவனித்தீர்களா?

என் கணவருக்குப் பயணம் என்றால் கையை வீசிக்கொண்டு நடப்பது. கண்ணால் பார்த்தால் போதும், மனதில் நிற்கும் என்பார். தாராளமாக நிற்கட்டும். ஒருவர் கையை வீசி நடக்க இன்னொருவர் பையையும் போனையும் சுமக்க வேண்டியிருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன். 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற அந்த ரயிலுக்கு எவ்வளவு முன்கூட்டியே டிக்கெட் எடுக்க வேண்டும், எடுத்தது யார் என்பது வேறு கதை.

போன் திரையில் பார்ப்பவருக்கு இடம் மனதில் பதியாது என்கிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறும்போது நீராவி என்ஜின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வருகிறது என்பதே, படம் பிடிக்க அதை முன்பக்கம் தேடியதால்தான் எனக்குத் தெரிந்தது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே ஓடுகிற பல் வைத்த இரும்புப் பட்டையை, ஹில்குரோவில் வண்டி தண்ணீர் பிடிக்க நின்றபோது குனிந்து எடுத்தேன். கண்ணால் மட்டுமே ஊர் பார்ப்பவர் அந்நேரம் குரங்குக்குப் பயந்து வடையை இரு கையாலும் பொத்திக்கொண்டு நின்றார். அதுவும் படமாக இருக்கிறது, பெருந்தன்மையால் பதிவேற்றவில்லை.

எண்ணிக்கையைக் குறைக்கலாமே என்பது நியாயம்தான், குறைக்கிறேன். "கேட்டால் அவரும் எடுத்துக் கொடுப்பாரே" என்பவர்களுக்குத்தான் சற்று நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். கேட்டேன். குன்னூர் நடைமேடையில் வேண்டாவெறுப்பாக ஒன்று எடுத்தார். பெயர்ப்பலகை தெளிவாக விழுந்திருக்கிறது, என் தலைக்கு மேல் வானம் நிறைய இருக்கிறது, என் கண்கள் மூடியிருக்கின்றன. இன்னொன்று என்றேன், "போதும் வா, வண்டி போய்விடும்" என்றார். அப்போது வண்டியிலிருந்து நீராவி என்ஜினைக் கழற்றி டீசல் என்ஜினை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

என் மாமனார் காலமானபோது சட்டம் போட்டு மாலையிட ஒரு நல்ல படத்துக்காக வீடே அலைந்தது. எப்போதும் போனும் கையுமாக இருக்கிறாள் என்று குறைசொன்ன அதே வாய்கள்தான் அன்று என்னிடம் வந்து கேட்டன. கொடுத்தேன். யாரும் அதற்கு நன்றி சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை, அல்லது எதிர்பார்க்கவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

உண்மையில் அந்த நண்பர் எழுதியதுகூட எனக்குப் பெரிதில்லை. என் கணவர் அதற்குச் சிரிப்புக் குறி போட்டிருக்கிறாரே, அதுதான். அந்தக் குறியைப் போட்டவருடைய முகப்புப் படத்தை எடுத்தது யார் என்று அவரிடமே கேளுங்கள். அடுத்த பயணத்துக்கு நானும் கையை வீசிக்கொண்டே வருகிறேன். அவருடைய அக்கா வழக்கம்போல் அன்றிரவே "படம் அனுப்பு" என்று கேட்டால், தம்பி தன் மனதில் நிற்பதை வாட்ஸ்அப்பில் அனுப்பி வைக்கட்டும்.