ஃபேன் காற்றும் மரத்தின் ஈரமும்

ஷெட்டில் அடுக்கிய பலகைகளுக்கு இரவும் பகலும் ஃபேன் ஓடவிட்டால் ஈரம் 8 சதவீதத்துக்கு இறங்கிவிடும், மரத்தைச் சூடேற்றி உலர்த்தும் சூளை தேவையில்லை என்று ஒரு தகவல் பகிரப்பட்டிருக்கிறது. அது சரியல்ல.

புதிதாக அறுத்த, ஈரம் காயாத பச்சை மரத்துக்கு ஃபேன் நல்லதுதான். அடுக்குக்குள் தேங்கும் ஈரக்காற்றைத் தள்ளிவிடும், பூஞ்சையும் குறையும். (பலகைகளுக்கு இடையில் காற்றுப் போக ரீப்பர் என்னும் மெல்லிய மரச்சட்டம் வைக்காமல் அடுக்கியிருந்தால் அதுவும் நடக்காது.) ஆனால் ஃபேன் காற்றை நகர்த்துகிறதே தவிர உலர்த்துவதில்லை. மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்ற ஒரு அளவில் நின்றுவிடும். சுமார் 27 டிகிரி வெப்பத்தில், காற்றின் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் மரத்தின் ஈரம் நிற்கும் அந்த அளவு ஏறக்குறைய 13 சதவீதம். காற்று ஈரம் 80 ஆனால் 16-ஐ நெருங்கும். சென்னை போன்ற கடலோர ஊரில் திறந்த ஷெட்டில் 8 என்பது நடக்கிற காரியமில்லை. ஃபேனை எத்தனை மாதம் ஓட்டினாலும் மின்கட்டணம்தான் ஏறும்.

சந்தேகம் இருந்தால் நீங்களே பார்க்கலாம். பலகையின் முனையிலிருந்து ஒரு அடியாவது தள்ளி (முனை சீக்கிரம் காய்வதால் ஏமாற்றும்) ஒரு துண்டு அறுத்து, உடனே எடை போடுங்கள். அப்புறம் ஓவனில் (மின் அடுப்பில்) 103 டிகிரி அளவில் வைத்து, எடை குறைவது நிற்கும்வரை உலர்த்துங்கள். எவ்வளவு எடை குறைந்ததோ அதைக் கடைசி எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஈர சதவீதம். 115 கிராம் துண்டு 100 கிராமில் நின்றால், 15 சதவீதம்.