பேஸ் வாசிக்கும்போது பேசாதீர்கள்

போன சனிக்கிழமை, கோலாலம்பூரை ஒட்டிய பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலின் வார இறுதிச் சந்தையில், பழைய இசைத்தட்டுக் கடை ஒன்றின் முன்னால் ஒருவரைச் சந்தித்தேன். கிள்ளானிலிருந்து வந்திருந்தார், தமிழர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் கையில், ஜாஸ் பியானோக்காரர் பில் எவன்ஸ் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் வாசித்த தட்டு, 180 கிராம் எடையுள்ள மறுபதிப்பு. கடைக்காரர் 280 ரிங்கிட் (எங்கள் பேச்சில் வெள்ளி) என்றார். அண்ணன் பேரமே பேசாமல் பணத்தை எடுத்துக் கொடுத்தார். எனக்கு மனம் பூரித்துப்போனது. நம் ஆட்களில் ஜாஸ் தட்டுக்குப் பணம் கொடுக்கிற ஒருவரைப் பார்ப்பது, முருங்கை மரத்தில் மாம்பழம் பார்ப்பது போல.

"அண்ணே, இன்று இரவு புக்கிட் பிந்தாங் பக்கம் ஒரு சின்ன இடத்தில் மூன்று பேர் வாசிக்கிறார்கள். பியானோ, பேஸ், டிரம்ஸ். இந்தத் தட்டில் இருக்கிற அதே கூட்டணி. வருகிறீர்களா?" என்று கேட்டேன். (பேஸ் என்பது ஆளுயரம் நிற்கும், அடித்தொனி தரும் தந்தி வாத்தியம்.)

"டிக்கெட் எவ்வளவு?"

"அறுபது வெள்ளி."

"அறுபதா? நம் ஊர் ஆட்கள்தானே வாசிக்கிறார்கள்?"

அந்தத் 'தானே'தான் இந்தப் பதிவு.

அவரைத் திட்டுவதற்கு முன் என்னைத் திட்டிக்கொள்கிறேன். என் வீட்டில் நானூறு தட்டுகளுக்குக் குறையாமல் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றின் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை என்பது என் மனைவிக்குத் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துவிடும். ஊசி, பெல்ட், தூசி துடைக்கிற தூரிகை என்று நான் செலவழித்ததற்கு ஒரு பழைய மைவி கார் வாங்கியிருக்கலாம். ஆகவே தட்டுப் பைத்தியத்தை வெளியே நின்று பார்த்து எழுதவில்லை. உள்ளே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

இந்தப் பைத்தியத்தை எனக்குக் கொடுத்தவர் என் தாய்மாமா. பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்தின் பண்டகசாலையில் எழுத்தராக இருந்தவர். 1988-இல் ஆஸ்திரேலியர்கள் தளத்தை மலேசியாவிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார்கள் அல்லவா? அந்தக் காலத்தில் ஊர் திரும்பிய குடும்பம் ஒன்று, கொண்டுபோக மனமில்லாமல் ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகளை மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. பெட்டியில் பாதி கிறிஸ்துமஸ் பாட்டு. மீதியில் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' தட்டு இருந்தது.

மாமாவுக்கு ஜாஸ் என்றால் என்னவென்று அப்போது தெரியாது. அவர் கோயில் பஜனைக் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவர். எதைக் கேட்டாலும் ஆர்மோனியப் பெட்டியை எடுத்து மடியருகே வைத்து, சுவரம் தேடுவார். முதல் பாட்டு 'சோ வாட்'. இரண்டு முறை கேட்டுவிட்டு, "மருமகனே, இது கரகரப்பிரியாடா" என்றார். இரண்டு கட்டை சுருதியில் கரகரப்பிரியா ராகத்தின் சுவரங்கள் பதினாறு பார் (ஒரு பார் என்பது நான்கு எண்ணிக்கை), அரைக் கட்டை ஏறி அதே சுவரங்கள் எட்டு பார், பிறகு இறங்கி மறுபடி எட்டு பார். இவ்வளவுதான் பாட்டின் எலும்புக்கூடு. கமகம் (சுவரத்தை அசைப்பது) கிடையாது, பிடி (ராகத்தைக் காட்டிக்கொடுக்கும் சுவரக் கோவை) கிடையாது, ஆகவே ராகம் என்று சொன்னால் வித்துவான்கள் அடிக்க வருவார்கள். ஆனால் சுவர வரிசை அதுதான். மாமா கண்டுபிடித்தது சரி.

சிக்கல் அதன் பிறகு வந்தது. பெட்டி தட்டோடு ஒட்டவில்லை. எந்தக் கட்டையை அழுத்தினாலும் தட்டு ஒரு மயிரிழை மேலே நின்றது. இரண்டு கட்டைக்கும் இரண்டரைக் கட்டைக்கும் நடுவில் எங்கேயோ. பிளேயர் வேகமாகச் சுற்றுகிறது என்று நினைத்து பெல்ட்டை மாற்றினார். சரியாகவில்லை. தட்டைத் திருப்பிப் போட்டால் இரண்டாம் பக்கம் பெட்டியோடு அழகாக ஒட்டிக்கொண்டது! பிளேயர் கெட்டிருந்தால் இரண்டு பக்கமும் அல்லவா கெட்டிருக்க வேண்டும்? அத்தை தீர்ப்பு வழங்கினார்: "பெட்டிக்கு வயதாகிவிட்டது, உங்களுக்கும்தான்."

பல ஆண்டுகள் கழித்து, கோலாலம்பூருக்கு வேலைக்கு வந்த பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அந்தத் தட்டு 1959-இல் மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டு நாட்களில், நியூயார்க்கில் ஒரு பழைய தேவாலயத்தை ஸ்டூடியோவாக மாற்றிய இடத்தில் பதிவானது. முதல் பக்கம் முழுவதும் மார்ச் 2. அன்றைக்கு ஓடிய ஒலிநாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிய நாடாவைச் சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறிவிடும். இரண்டாவது இயந்திரம் ஒன்று காப்புப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தது, அது சரியாக ஓடியது. அந்த நாடாவிலிருந்து எடுத்துத் திருத்திய பதிப்பு 1992-இல்தான் வந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகள் உலகமே தவறான சுருதியில் அந்தத் தட்டைக் கேட்டு, கண்மூடித் தலையாட்டி, அதைப் பார்த்து வாசிக்கவும் பழகியிருக்கிறது.

மாமாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, அறைக்குள் இருந்த அத்தைக்குக் கேட்கிற மாதிரி, "கேட்டாயா? என் பெட்டி மேல் பழி போட்டவர்கள் எல்லாம் வரிசையில் வந்து மன்னிப்புக் கேட்கலாம்" என்றார்.

நான் இதை வேடிக்கைக்காக மட்டும் சொல்லவில்லை. தட்டை நாம் வேதம் போல் வைத்திருக்கிறோம். அசல் பதிப்பா, மறுபதிப்பா, எந்த நாட்டு அச்சு, எத்தனை கிராம். ஆனால் தட்டு என்பது ஒரு நாள், ஒரு அறையில், சில மனிதர்கள் வாசித்ததற்கு ஒரு சாட்சி. சாட்சிக்கும் கண் மங்கும்.

கிள்ளான் அண்ணன் வாங்கிய அந்த வான்கார்ட் தட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1961 ஜூன் 25, ஒரு ஞாயிற்றுக்கிழமை. வில்லேஜ் வான்கார்ட், நியூயார்க்கில் நிலவறையில் இருக்கிற சின்னஞ்சிறு கிளப். மதியமும் இரவுமாக ஐந்து சுற்று வாசித்தார்கள்: பியானோவில் பில் எவன்ஸ், பேஸில் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸில் பால் மோஷன். கூர்ந்து கேட்டால் கண்ணாடிக் கோப்பைகள் உரசுவது கேட்கும். யாரோ சிரிப்பது கேட்கும். ஒரு பெண் எதையோ சொல்லிக்கொண்டிருப்பது கேட்கும். அந்தப் பெண்ணை நான் பல ஆண்டுகளாக வெறுத்து வந்திருக்கிறேன். பதினொரு நாள் கழித்து, ஜூலை 6 அன்று, லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். வயது 25. அவர் தன் வாழ்நாளின் ஆகச் சிறந்த பேஸ் வாசித்துக்கொண்டிருந்தபோது அம்மணி கதை பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

இப்போது எனக்கு அவர் மேல் கோபம் குறைந்துவிட்டது. காரணம் எளியது: அவர் போயிருந்தார். காசு கொடுத்து, படியிறங்கி, அங்கே உட்கார்ந்திருந்தார். நாற்காலிகளில் ஆள் இல்லாவிட்டால் அந்த ஐந்து சுற்றும் நடந்திருக்காது, 280 ரிங்கிட் தட்டும் இருந்திருக்காது.

அதற்காகப் பேசலாம் என்று சொல்லவில்லை. குறிப்பாக பேஸ் தனியாக வாசிக்கும்போது. எந்த ஊர் கிளப்பிலும் இதைக் கவனித்திருக்கிறேன்: பியானோ ஓய்ந்து, டிரம்ஸ் தணிந்து, பேஸ் மட்டும் தனியாகப் பேசத் தொடங்கும் அந்த நொடியில்தான் மொத்தக் கூட்டத்துக்கும் பேச்சு வரும். சத்தம் குறைந்ததும் இடைவேளை என்று எண்ணிக்கொள்கிறார்கள். நம் சபாக்களில் தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் தனியாக வாசிக்கிற பகுதி) தொடங்கியதும் காப்பி குடிக்க எழுந்து போகிறார்களே, அதே சாதிதான். இத்தனைக்கும் அந்தப் பேஸ்தான் இதுவரை எல்லோரையும் தாங்கியது. தம்பூராவுக்குக் கால் முளைத்து நடந்தால் எப்படியிருக்கும், அதுதான் பேஸ்.

தம்பூரா என்றதும், "ஜாஸும் நம் கச்சேரியும் ஒன்றுதான்" என்று கருத்துப் பெட்டியில் எழுத வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்று இல்லை. கச்சேரியில் ஆதார சுருதி அசையாது. மலை மாதிரி நிற்கும், பாடகர் அதன் மேல் ஏறி விளையாடுவார். ஜாஸில் பெரும்பாலும் ஒன்றிரண்டு பாருக்கு ஒரு முறை பின்னணிச் சுவரக்கூட்டு (கார்டு) மாறி, காலடி நிலமே நகரும், வாசிப்பவர் நகரும் நிலத்தில் ஓட வேண்டும். கற்பனை சுவரம் பாடி எடுப்புக்கு (பாட்டு தொடங்குகிற இடத்துக்கு) வந்து விழுகிறோமே, அந்தச் சுகம் இரண்டிலும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் தன் மகனுக்கு சிதார் கலைஞர் ரவிசங்கரின் பெயரை ஒட்டி ரவி என்று பெயர் வைத்தார் என்பதும், அவர் மனைவி ஆலிஸ் 1971-இல் வெளியிட்ட தட்டுக்குக் கோயம்புத்தூர் அருகே செட்டிபாளையத்தில் பிறந்த சச்சிதானந்த சுவாமியின் பெயர் இருக்கிறது என்பதும் உண்மைதான். வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பெருமைப்படலாம். வாசிக்கிறவன் வயிறு அதில் நிறையாது.

நமக்கு உண்மையிலேயே பொதுவாக இருப்பது வேறு ஒன்று. அது பெருமைப்படுகிற விஷயம் இல்லை. என் கல்யாணம் செந்தூலில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நாதஸ்வர வித்துவான் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. மனிதர் தோடி ராகத்தை எடுத்து, அவசரமே இல்லாமல், படிப்படியாகக் கட்டினார். நான் மணவறையில் புகைக்கு நடுவில் உட்கார்ந்து, திரும்பிப் பார்க்கவும் முடியாமல், முதுகால் கேட்டேன். மண்டபத்தில் அறுநூறு பேர். கேட்டவர்கள் நானும், தாளம் போட்ட பையனும், மூன்றாம் வரிசையில் மாமாவும். மற்றவர்கள் இரண்டாம் பந்திக்கு இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கெட்டிமேளத்துக்கு மட்டும் ஒரு நிமிடம் திரும்பிப் பார்த்தார்கள், அட்சதை போடுவதற்கு.

ஹோட்டல் முகப்பில் பியானோ வாசிக்கிறவருக்கும் இதே கதிதான். ஒருமுறை இந்த நகரத்தில் ஓர் ஆடம்பர ஹோட்டலில், வாசித்துக்கொண்டிருந்தவரின் பியானோ மூடி மேல் ஒருவர் தன் பையை வைத்துவிட்டுத் தொலைபேசியில் பேசினார். வாசித்தவர் நிறுத்தவில்லை. அந்தப் பையின் அதிர்வோடு சேர்த்து வாசித்தார். அன்றைக்கு நானும் எழுந்துபோய்ப் பையை எடுக்கவில்லை, அதுவும் என் கணக்கில்தான்.

"நம் ஊர் ஆட்கள்தானே" என்ற அண்ணனுக்கு நம் ஊர் ஆட்கள் யார் என்று தெரிந்திருக்காது. பினாங்கில் 1922-இல் பிறந்த ஜிம்மி பாய்ல் ஜாஸ் பியானோக்காரர். பள்ளியில் நாம் பாடிய 'புத்ரா புத்ரி' என்ற நாட்டுப்பற்றுப் பாட்டு அவர் மெட்டு. டிரம்ஸும் நம் பக்கத்துத் தாளக் கருவிகளும் கையாளும் லூயிஸ் பிரகாசம், ஏசியாபீட் குழுவைத் தொடங்கியவர். பியானோவில் மைக்கேல் வீரப்பன். பெயர்களைப் பாருங்கள், பக்கத்து வீட்டுப் பெயர்கள். 2004-இல் தொடங்கிய பினாங்குத் தீவு ஜாஸ் விழாவுக்கு பத்து ஃபெரிங்கி என்ற ஊர் வரை போய், கொசுக்கடியோடு கடற்கரையில் உட்கார்ந்து கேட்டவன் நான். 1998 முதல் கோலாலம்பூர் ஜாலான் மெசூயில் நோ பிளாக் டை என்ற சின்ன இடம் இருக்கிறது. பேசாமல் கேட்கிற பழக்கத்தை இந்த ஊரில் கொஞ்சமாவது வளர்த்தது அது. எத்தனை பேர் அந்தத் தெருவைத் தாண்டிப் போய் மீன் தலைக் கறி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறோம்?

அண்ணன் வரவில்லை. நான் போனேன். அன்று இரவு பேய் மழை, கூட்டம் வாசிப்பவர்களோடு சேர்த்துப் பதினான்கு பேர். இரண்டாம் சுற்றில் 'கெத்தாரான் ஜிவா' எடுத்தார்கள். மலாய் நடிகரும் பாடகருமான பி. ராம்லி 1960-ஆம் ஆண்டுப் படத்தில் பாடியது. நம் ஜாஸ்காரர்கள் பலருக்கு இது கையில் ஒட்டிய பாட்டு. மெட்டை ஒரு முறை பியானோ சொல்லி முடித்ததும், பேஸ்காரப் பையன் தனியாக எடுத்தான். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. மெட்டின் முதல் மூன்று சுவரத்தைப் பிடித்துக்கொண்டு, அதை இறக்கிப் பார்த்தான், இழுத்துப் பார்த்தான், ஓர் இடத்தில் தடுமாறினான், தடுமாறிய இடத்தையே மறுபடி வாசித்து அதைச் சங்கதியாக்கிவிட்டான். தட்டில் இதைக் கேட்கவே முடியாது. தடுமாறியதை வெட்டிவிட்டு வேறு பதிவைத்தான் போடுவார்கள். பின் மேசையில் யாரோ கோப்பையைக் கீழே போட்டார்கள். அவன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு சுவரம் வைத்தான். பேசிக்கொண்டிருந்த மேசைகூட வாயை மூடியது.

கடைசி ரயில் போய்விட்டது. கிராப் வாடகை வண்டிக்கு முப்பத்தெட்டு வெள்ளி. டிக்கெட்டோடு சேர்த்துக் கணக்குப் பார்த்தால், அண்ணனின் தட்டு விலையில் இரண்டு முறை போய் வந்து, தே தாரிக்கும் (இழுத்து ஆற்றிய தேநீர்) குடித்து, சில்லறையும் மிஞ்சும்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமாவை அழைத்துச் சொன்னேன். இப்போது அவருக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது, காது இன்னும் கத்தி. பையன் தடுமாறியதையும், கோப்பை விழுந்ததையும், சுவரம் வைத்ததையும் ஒன்றுவிடாமல் விவரித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி மருமகனே. எந்தக் கட்டையில் வாசித்தார்கள்?"

கவனிக்கவில்லை என்றேன்.

"பிறகு எதற்குப் போனாய்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.