பெயரை மட்டும் இரவல் கேட்காதீர்கள்

பெரியவர்களுக்கான திறன் பயிற்சித் திட்டங்களில், குத்தகை எடுக்கும் பயிற்சி நிறுவனங்களும் நம் சமூக நல இயக்கங்களும் கைகோப்பதை நான் மனமார வரவேற்கிறேன். ஆயினும், இயக்கத்தின் பணி என்ன, அதற்கான தொகை எவ்வளவு, அது எப்போது கைக்கு வரும் என்பன நிதிக்கான விண்ணப்பம் போகும் முன்பே எழுத்தில் இல்லாவிட்டால், எந்த இயக்கமும் கையெழுத்திடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

கோலாலம்பூரில் நான் பார்த்த வரையில், நிறுவனத்திடம் பயிற்றுநரும் பட்டறையும் இருக்கும்; பந்தாய் டாலாம் அடுக்குமாடிகளில் எந்த வீட்டில் யாருக்கு இந்தப் பயிற்சி தேவை என்பது அதற்குத் தெரியாது. தெரிந்த இயக்கத்திடம் ஓர் ஆதரவுக் கடிதம் வாங்கி விண்ணப்பத்தோடு இணைத்துவிடுகிறார்கள். திட்டம் கிடைத்த பிறகோ, ஆள் திரட்டுவதும் அடையாள அட்டை நகல் வாங்கிக் கொடுப்பதும் நிறைவு விழாவில் படத்துக்கு நிற்பதுமே இயக்கத்தின் வேலையாகிவிடுகிறது.

நான் தொண்டாற்றும் இயக்கம் ஒரு குளிர்சாதனப் பராமரிப்பு வகுப்புக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது. தனித்து வாழும் தாய் ஒருவர் திடீரென வருவதை நிறுத்திவிட்டார். நிறுவனம் வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டதோடு சரி. எங்கள் செயலாளர் அக்கா அன்றிரவே அவர் வீட்டுக்குப் போனபோதுதான், பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பாட்டி மருத்துவமனையில் இருப்பது தெரியவந்தது. வகுப்பு நாள்களில் பிள்ளையை அக்காவே தம் வீட்டில் வைத்துக்கொண்டார்; அந்தத் தாயும் பயிற்சியை முடித்தார். அவருடைய தேர்ச்சி நிறுவனத்தின் அறிக்கையில் இடம்பெற்றது. அக்காவின் உழைப்புக்கு வரவு செலவுத் திட்டத்தில் ஒரு ரிங்கிட்கூட ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.

பிரிட்டன் 2011-இல் தொடங்கிய 'வொர்க் புரோகிராம்' வேலைவாய்ப்புத் திட்டத்திலும் இதே அடுக்குமுறைதான் இருந்தது. 18 முதன்மை நிறுவனங்கள் 40 குத்தகைகளைப் பெற்று, தொண்டு நிறுவனங்கள் உள்ளிட்டோரைத் துணைக் குத்தகைக்குச் சேர்த்துக்கொண்டன. ஒருவர் வேலையில் அமர்ந்து நிலைத்த பிறகே பெரும்பகுதிப் பணம் வந்ததால், கையிருப்பு இல்லாத சிறு தொண்டு நிறுவனங்கள் திணறின. வீடற்றோருக்காகப் பணியாற்றும் லண்டனின் செயின்ட் மங்கோஸ், தன்னிடம் ஒருவர்கூட அனுப்பப்படாத நிலையில் 2012-இல் விலகியது.

நம் நாட்டில் மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்ஆர்டி கோர்ப் பயிற்சிக்காக வசூலிக்கும் லெவி, முதலாளிகள் தங்கள் தொழிலாளர்களுக்காகச் செலுத்துவது. இல்லத்தரசிகளும் அன்றாடக் கூலிகளும் அந்த வளையத்துக்கு வெளியே இருப்பதால், அவர்களைச் சென்றடைய இயக்கங்களே வழி. நீண்ட காலம் வெல்டிங் செய்தும் சான்றிதழ் இல்லாத அண்ணன்கள் நம்மிடையே எத்தனையோ பேர்! வகுப்பில் உட்காராமல், அனுபவத்தைக் காட்டியே எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழைப் பெறும் பிபிடி (முன்திறன் அங்கீகாரம்) வழி அவர்களுக்கு இருக்கிறது. ஆனால் செய்த வேலைக்கான ஆதாரங்களைத் திரட்டிக் கோப்பாக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து உதவ ஆள் இல்லாமல் பலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். இந்த உதவியும் பயிற்சியின் ஒரு பகுதியே. அதற்கும் விலை உண்டு.

சேவைக்குப் பணம் கேட்பதா என்று நம் இயக்கத் தலைவர்கள் கூச்சப்படுவதை நான் அறிவேன். வீடு வீடாகச் செல்வதற்கும் பிள்ளைப் பராமரிப்புக்கும் தனித் தொகை கேளுங்கள். அதில் ஒரு பகுதியை வகுப்பு தொடங்கும் முன்பே கேளுங்கள். நிதி வழங்குவோரும் ஆதரவுக் கடிதத்தோடு நின்றுவிடாமல், அந்த இயக்கத்துக்கு ஒதுக்கிய தொகையை விண்ணப்பத்திலேயே காட்டும்படி நிறுவனங்களைக் கட்டாயப்படுத்த வேண்டும்.