வீட்டை விற்கலாம், விறகுக் கணக்கில் விற்கக்கூடாது

செட்டிநாட்டில் ஒரு பழைய வீடு நிலத்தோடு விற்பனைக்கு வருகிறது என்ற செய்தி சிங்கப்பூர் வாட்ஸ்அப் குழுக்களில் வந்து விழுந்தால் போதும், ஒப்பாரி தொடங்கிவிடுகிறது. முன்னோர் சொத்தை விற்கலாமா, அந்தப் பர்மாத் தேக்கு இனி எங்கே கிடைக்கும், எல்லாம் காசுதானா என்று வரிசையாகக் கேள்விகள். கேட்பவர்களில் அந்த வீட்டுக்கு ஓடு மாற்ற ஒரு வெள்ளியாவது கொடுத்தவர் யார் என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். குழு அன்று முழுக்க மௌனம் காக்கும்.

நான் விற்கும் கட்சி. எங்கள் குடும்பத்துக்கும் அப்படி ஒரு வீடு இருக்கிறது, அதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதனால் இது வெளியாள் சொல்லும் கருத்து அல்ல.

முதலில், அந்த வீடுகள் எதற்காகக் கட்டப்பட்டன என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். முகப்பு ஒரு தெருவில், கொல்லைக் கதவு அடுத்த தெருவில். நடுவில் பட்டாலை என்ற கூடம், நடு முற்றமுள்ள வளவு, அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு, அடுப்படி. வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று, அதில் சீர்ச்சாமான்கள். ஊரையே உட்காரவைத்துச் சாப்பாடு போடுவதற்கான இடம் அது. நான்கு பேர் டிவி பார்ப்பதற்கான இடம் அல்ல. அதைக் கட்டிய பணம் இரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் இங்கே சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டிலிருந்தும் போனது. செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகளின் தரையில் கணக்குப் பெட்டி வைத்துப் பெட்டியடி போட்டு உட்கார்ந்து, அந்தத் தரையிலேயே படுத்து எழுந்தவர்கள்தான் ஊரில் இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியக் கண்ணாடியும் வைத்துக் கட்டினார்கள். 1930களின் பொருளாதார மந்தம், 1942இல் பர்மாவுக்குள் ஜப்பானியர் நுழைந்தது, 1948இல் அங்கே வந்த நில நாட்டுடைமைச் சட்டம் என மூன்று அடியில் அந்த வருமானம் போயிற்று. வீடு மட்டும் நின்றது. வருமானம் நின்ற பிறகும் செலவு கேட்கும் வீடு அது.

கிட்டங்கிகளும்தான் போய்விட்டன. 1970களில் அரசு மார்க்கெட் ஸ்திரீட் இடங்களை எடுத்துக்கொண்டது. இன்று அங்கே வானுயர்ந்த அலுவலகக் கட்டடங்கள். அதற்காக யாரும் வாட்ஸ்அப்பில் அழுது நான் பார்த்ததில்லை.

விற்றால் வீடு செத்துவிடும் என்பவர்கள் அடுத்த முறை தேங் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்குப் போகும்போது பினாங் ரோடு வரை கொஞ்சம் நடந்து பாருங்கள். அங்கே டான் இயோக் நீ இல்லம் இருக்கிறது. மிளகிலும், தோல் பதனிட உதவும் காம்பியர் பயிரிலும் பணம் சேர்த்த தியோச்சூ சீன வணிகர் 1880களில் கட்டிய மாளிகை. நம் வளவு வீட்டைப் போலவே நடு முற்றம், செதுக்கு வேலை, தனக்குப் பின் வரும் தலைமுறைகள் எல்லாம் அங்கேயே இருக்கும் என்ற நம்பிக்கை. இருந்ததா? இரயில் பாதை வந்தபோது வீடு அரசின் கைக்குப் போய், நிலைய அதிகாரியின் குடியிருப்பானது. பிறகு பெண்பிள்ளைகளுக்கான இல்லமும் பள்ளியும். 1938 முதல் 1991 வரை கிறிஸ்தவத் தொண்டு அமைப்பான இரட்சணிய சேனையின் தலைமையகம். 2000இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளி. கை மாறிக்கொண்டே இருந்தது, வீடு நிற்கிறது. அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் புகழ்பெற்றிருந்த நான்கு தியோச்சூ மாளிகைகளில் எஞ்சியது இது ஒன்றுதான். காரணம், குடும்பத்தார் பாசத்தோடு வைத்துக்கொண்டது அல்ல. அதற்குள்ளே எப்போதும் யாரோ புழங்கிக்கொண்டிருந்தார்கள். 1974இல் அரசு அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்து இடிக்க முடியாதபடி செய்தது.

செட்டிநாட்டில் அந்தப் பாதுகாப்பு நம் வீடுகளுக்கு இல்லை. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் இருப்பதைப் பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பட்டியல் ஒரு தூணைக்கூடக் காப்பாற்றாது.

அங்கே வீடுகள் எப்படிச் சாகின்றன என்று பார்த்தால், டவுனில் நிலம் கொல்கிறது, கிராமத்தில் மரம் கொல்கிறது. காரைக்குடியின் நடுவில் இருக்கும் வீட்டைத் தரகர் சென்ட் கணக்கில்தான் பார்ப்பார். அவருக்கு மனைதான் சொத்து, வீடு அதன்மேல் இருக்கும் இடிக்கும் செலவு. உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களில் மனைக்குப் பெரிய விலை இல்லை. அங்கே வருபவர் தூணைத் தட்டிப் பார்ப்பார், உத்திரத்தை முழம் போடுவார், நிலைக்கதவின் செதுக்கலைப் படம் எடுப்பார். பிறகு வீடு லாரி ஏறும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் அதன் துண்டுகளைப் பார்க்கலாம். கதவு சாப்பாட்டு மேசையாகிறது, தூண் ஏதோ ஒரு ஓட்டல் வரவேற்பறையில் எதையும் தாங்காமல் நிற்கிறது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் ஒரு செட்டிநாட்டு வீட்டைப் பிரித்துக் கொண்டுபோய் மறுபடி நிறுத்தியிருக்கிறார்களே என்பீர்கள். நல்ல காரியம்தான். எல்லா லாரியும் முட்டுக்காட்டுக்கா போகிறது?

இவை இரண்டுக்கும் வழிவிடுவது எது தெரியுமா? நம் தாமதம். நாட்டு ஓடு நகர்ந்தால் மழை இறங்கும். மழை இறங்கினால் ஓட்டைத் தாங்கும் கைமரம் ஊறும், கறையான் ஏறும். சுண்ணாம்புச் சுவர் தானே மூச்சுவிட்டு ஈரத்தை வெளியேற்றும். அதன்மேல் சிமெண்ட் பூசி, பளபளக்கும் பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் உப்பி உதிரும். முன்னோருக்குப் போடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறந்து, மற்ற நாளெல்லாம் காவல்காரரையும் வௌவாலையும் நம்பிப் பூட்டி வைக்கும் வீட்டில் இதை யார் கவனிப்பது? நல்ல நிலையில் இருக்கும்போது விற்றால் அதை வீடாக வாங்க ஆள் வரும். பாதிக் கூரை போன பிறகு மரக்காரர் மட்டும்தான் வருவார். "இப்போது விற்க வேண்டாம், பிறகு பார்க்கலாம்" என்று சொல்லும் அன்பான உறவினர் வீட்டை மரக்காரருக்குத்தான் எழுதி வைக்கிறார், அவருக்கே அது தெரியவில்லை.

பங்காளிகள் விவகாரத்துக்கு வருவோம். சிங்கப்பூரில் அடுக்குமாடிக் கூட்டு விற்பனைக்கு 1999 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. பத்து ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடம் என்றால் 80 விழுக்காட்டு உரிமையாளர்கள் ஒப்பினால் விண்ணப்பிக்கலாம், ஆட்சேபம் வந்தால் அதைக் கேட்க ஒரு வாரியம் இருக்கிறது. வளவு வீட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. முழு வீட்டையும் விற்க எல்லாப் பங்காளியும் கையெழுத்துப் போட வேண்டும். முடியாதென்றால் பாகப்பிரிவினை வழக்கு, அதற்குள் கூரை இருக்காது. பெண்களுக்குப் பங்கில்லை என்று இன்னும் சொல்லும் பெரியவர்களுக்கு ஒன்று: மகள்களுக்கும் பங்கு தர இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாட்டில் 1989 திருத்தம், நாடு முழுவதற்கும் 2005 திருத்தம், அதைத் தெளிவாக்கிய 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. தங்கைகளை விட்டுவிட்டுப் பத்திரம் எழுதினால் வாங்குபவர்தான் பிறகு நீதிமன்றம் ஏறுவார். விவரம் தெரிந்த எவரும் அப்படிப்பட்ட வீட்டைத் தொடமாட்டார்கள்.

இங்கிருந்து வாங்க ஆசைப்படும் உறவினர்களுக்கு இன்னொரு சிக்கல். விளம்பரத்தில் "வீடும் தோப்பும்" என்று இருந்தால் இரண்டும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. வெளிநாடுவாழ் இந்தியரும் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) வைத்திருப்பவரும் குடியிருப்பு வீட்டை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், விற்பதானால் தோப்பை இந்தியாவில் குடியிருப்பவருக்குத்தான் விற்க முடியும். எனவே நிலத்தோடு சேர்த்து விற்க நினைப்பவர்கள் எந்தச் சர்வே எண் மனை, எது நஞ்சை, எது தோப்பு என்று பட்டாவையும் வில்லங்கச் சான்றிதழையும் முதலிலேயே பிரித்துப் பார்த்துவிட வேண்டும். இங்கே எழுதும் பவர் பத்திரத்தை ஊருக்கு அனுப்பிப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள்; அங்கே போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் இருந்தால் வாங்குபவர் வரியைப் பிடித்துக்கொண்டுதான் பணம் தருவார். குறைந்த பிடித்தத்துக்கு வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே சான்று வாங்கலாம். அதை விட்டுவிட்டு, பிறகு அரசைத் திட்டுபவர்களை எனக்குத் தெரியும்.

வாங்குபவர் இடிக்கக்கூடாது என்று பத்திரத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. முழு உரிமையும் கொடுத்து விற்ற பிறகு, சொத்தை இப்படித்தான் அனுபவிக்க வேண்டும் என்ற நிபந்தனையை வாங்கியவர் பொருட்படுத்த வேண்டியதில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆகவே பிடி நம் கையில் இருப்பது ஒரே ஓர் இடத்தில்தான்: யாருக்கு விற்கிறோம் என்பதில். கானாடுகாத்தானிலும் கடியாபட்டியிலும் கொத்தமங்கலத்திலும் பழைய வீடுகள் விருந்தினர் விடுதிகளாகி, வளவில் மறுபடி இலை போடப்படுகிறது. சாப்பிடுபவர்கள் நம் உறவினர்கள் அல்ல, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த மாதிரி வாங்குபவர் மரக்காரரைவிடக் குறைவாகவே கொடுக்கக்கூடும். கூரையைச் சரிசெய்யும் செலவை அவர் விலையில் கழிப்பார், கழிக்கட்டும். பங்குபோட்டால் ஆளுக்கு வரும் வித்தியாசம் இங்கே ஒரு குடும்பம் விடுமுறைக்குச் செலவழிப்பதைவிடப் பெரிதாக இருக்காது.

எங்கள் வீட்டு விளம்பரத்தை நான்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். "அரண்மனை" என்ற சொல் அதில் இல்லை. அந்தச் சொல்லைப் பார்த்தாலே ஏதோ ஒழுகுகிறது என்று எனக்குத் தோன்றும். இரண்டாங்கட்டில் ஓடு சரிந்த இடம் படத்தோடு இருக்கும். வீட்டுக்கு ஒரு விலை, தோப்புக்குத் தனி விலை. தூணும் கதவும் தனியாக விற்கப்படமாட்டா. பங்காளிகளில் இருவர் இன்னும் ஒப்பவில்லை. ஒருவர் இங்கே சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறார், இந்தப் பதிவைப் படிப்பார். அண்ணே, மறுப்பதானால் தாராளமாக மறுத்துப் பின்னூட்டம் போடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் அந்த ஓட்டுக்கு யார் பணம் கட்டுவது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.